பத்துக் குழந்தைகளுக்கு ஒரு ஆர்டர்

திருப்பூரில் தொழில் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் திங்கட்கிழமை துணி வேண்டுமென்றால் சாயப்பட்டறையில் வெள்ளிக்கிழமை என்று சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு ஆள் வேண்டுமென்றால் எட்டு மணி என்று சொல்ல வேண்டும். ஒரே ஆளிடம் ஆர்டர் கொடுத்துவிட்டு நம்பி உட்காரவே கூடாது. மூன்று பேரிடம் கொடுத்தால் ஒருவர் மெஷின் ரிப்பேர் என்பார், இன்னொருவர் போனை எடுக்க மாட்டார், மூன்றாமவர் பாதியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மீதி நாளைக்கு என்பார். இதையெல்லாம் அனுசரித்துத்தான் நாங்கள் உலகத்துக்கே பனியன் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறோம். (நீங்கள் இப்போது போட்டிருப்பதும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.)

இந்த முறை துணிக்கு அருமையாக வேலை செய்யும். குழந்தைகளுக்குச் செய்யாது. அதைப் பரிசோதித்துப் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். (இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பெயர்தான் மாறிவிட்டது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.) மெர்ச்சண்டைசர் என்றால், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் எதைக் கேட்டாலும் முதலில் 'முடியும்' என்று பதில் போட்டுவிட்டு, அப்புறம் அதை எப்படி முடிப்பது என்று ஊர் முழுக்கப் போன் பண்ணுகிறவன். எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே வந்தது. வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவேன். குழாய் ஒழுகினாலும் சரி, மச்சானுக்குப் பெண் பார்ப்பதானாலும் சரி, "எங்கிட்ட விடு" என்பேன்.

என் மனைவி கோகிலா பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டையின் படத்தைக் காட்டினால் போதும், அதற்கான காகித வெட்டைக் கையாலேயே வரைந்துவிடுவாள். மகள் யாழினி பிறந்ததும் வேலையை விட்டு இரண்டரை வருஷம் வீட்டில் இருந்தாள். ஆனால் அளவு டேப்பை மட்டும் கழுத்தைவிட்டு இறக்கவில்லை. தூங்குகிற குழந்தையைத் தோளுக்கும் முழங்கைக்கும் அளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு அது வேடிக்கையில்லை என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு நாள் அவளுடைய பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மாதிரி உடுப்பு தைக்கிற சாம்பிளிங் செக்ஷனில் இடம் காலியாகிறதாம். அடுத்த திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

"இந்த வாட்டி உட்டா அந்த டேபிள் எனக்குத் திரும்பக் கெடைக்காதுங்க," என்றாள் கோகிலா. "பாப்பாவ எங்கீங்க உடறது?"

"எங்கிட்ட விடு. ஜெர்மனிக்குக் கன்டெய்னர் அனுப்பறவன், ஒரு ப்ளே ஸ்கூல் சீட்டு வாங்க மாட்டனா?"

(மாட்டான்.)

முதலில் போன பள்ளியில் வரவேற்பில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "விஜயதசமிக்கே வந்திருக்கோணுங்களே சார்."

"விஜயதசமிக்கு இன்னும் நாலு மாசம் இருக்குதுங்களே."

"இது இல்லீங்க. போன வருசத்து விஜயதசமி."

இரண்டாவது இடத்தில் சீட்டு இருந்தது. ஆனால் பன்னிரண்டரை மணிக்குப் பள்ளி முடிந்துவிடும். கோகிலாவுக்கு வேலை முடிய ராத்திரி எட்டாகும். "அதுக்கு மேல பாப்பாவ யாருங்க பாத்துக்குவாங்க?" என்று கேட்டேன். "அதுக்கு மேல நீங்கதானுங்க," என்றார் அந்த அம்மா. இது பிற்காலத்தில் அப்படியே பலிக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மூன்றாவது பள்ளியில் திருப்பூர்க்காரனின் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். எங்கள் ஊரில் காரியம் ஆக வேண்டுமென்றால் மிச்சமான எக்ஸ்போர்ட் டி-ஷர்ட்டில் நாலு எடுத்துக்கொண்டு போவோம். பையைப் பார்த்ததும் தாளாளர் சிரித்தார். "உள்ள வெக்க எடமில்லீங்க தம்பி. இந்த வாரத்துல மட்டும் பல பேரு குடுத்துட்டாங்க," என்று தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். அவர் போட்டிருந்ததும் ஒரு டி-ஷர்ட்தான். காலரைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி சரக்கு.

எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் தங்கமானவர். "மடியிலகூட வெச்சுக்கறேனுங்க. ஆனா சாயங்காலத்துக்கு எனக்கு ஆளில்லீங்களே," என்றார். பொங்கலூரில் இருக்கிற என் அம்மாவைக் கூப்பிட்டேன். "வர்றேஞ்சாமி. மூணு மாட்டையும் கூட்டிட்டு வரட்டா?" என்றார். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி.

இதற்கு நடுவில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் கம்பெனியில் தைப்பது பெரும்பாலும் கைக்குழந்தை உடுப்பு. கம்பெனிக்குள் தொழிலாளர் குழந்தைகளுக்கென்று சட்டப்படி ஒரு அறை இருக்க வேண்டும், இருந்தது. கதவில் தமிழிலும் இந்தியிலும் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு. உள்ளே சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தது. ஆனால் தரையிலிருந்து அதன் கழுத்து வரைக்கும் அட்டைப்பெட்டிகள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போக வேண்டிய உடுப்பெல்லாம் உள்ளே சௌகரியமாக இருந்தது. உள்ளூர்க் குழந்தை ஒன்றுகூட இல்லை.

"தம்பி, வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு பையர் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா பாக்க வர்றாங்க. அந்த ரூம்பு நடக்குதான்னு தனியாக் கேட்டிருக்காங்க. ஒரு பத்துக் கொழந்தைங்க உள்ள இருக்கோணும்," என்றார் முதலாளி.

"எங்கிட்ட விடுங்க சார்."

என் தலைக்குள் ஒரு பக்கம் இடம் கிடைக்காத என் மகள். மறுபக்கம் குழந்தை கிடைக்காத ஒரு இடம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் உடனே ஆர்டர் போடக் கிளம்பிவிட்டேன்.

மூன்று பேரிடம் போட்டேன். முதலாவது, தையல் லைனை, அதாவது மெஷின் வரிசையை, எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டர் செல்வராஜ் அண்ணன், தேனிக்காரர். "எத்தன பிள்ளைக வேணும்? இம்புட்டுத்தானா? ஒரு போன்ல எறக்கிருவோம்," என்றார். இரண்டாவது, பீகார்த் தொழிலாளர்களுக்கு லீடராக இருந்த ராகேஷ். அவன் "ஹோ ஜாயேகா சார்" என்றான். ('ஆகிவிடும்' என்று அர்த்தம். அவன் அப்படிச் சொல்லி ஆனது எதுவும் அதுவரை எனக்கு நினைவில்லை.) மூன்றாவது, செக்கிங் செக்ஷன் தனலட்சுமி அக்கா. ஒரு நூல் பிசிறுகூட அக்கா கண்ணுக்குத் தப்பாது.

மூன்று பேரிடமும் பத்துப் பத்தாகச் சொன்னேன். அழுகிறவர்களை மாற்றிக்கொள்ள எக்ஸ்ட்ரா பீஸ் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். காலை எட்டு மணி என்று சொன்னேன். பால், பிஸ்கட், மத்தியானச் சாப்பாடு எல்லாம் உண்டு என்று சொன்னேன். எல்லாம் போக, பதினொரு மணிக்குப் பத்து தேறும் என்பது என் கணக்கு. வியாழக்கிழமை ராத்திரியே அறையிலிருந்த பெட்டிகளை வராந்தாவில் அடுக்கிவைக்கவும் ஆள் சொல்லிவிட்டேன்.

தனலட்சுமி அக்கா மட்டும் கையிலிருந்த பிசிறுக் கத்திரியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு நாளைக்கா தம்பி, டெய்லியுங்களா?"

கேட்டது பையராக இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, அதையே பழக்க தோஷத்தில் சொன்னேன். "டெய்லிதானுங்க அக்கா!"

அன்று இரவு கோகிலாவிடம் என் திட்டத்தைப் பெருமையாக விவரித்தேன். "வெள்ளிக்கிழமை காலைல யாழினியையும் நல்ல கவுன் போட்டுக் கூட்டிட்டு வா. முன்னால உட்கார வைக்க ஒரு நல்ல சாம்பிள் வேணும்."

"அப்ப திங்கக்கிழமையிலிருந்து அங்கயே உட்டுட்டு நான் வேலைக்குப் போயிறலாமுங்களா?" என்றாள் கோகிலா.

"ச்சே, அது நிஜக் காப்பகம் இல்ல. ஆடிட்டுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். யாழினியின் கவுனை அயர்ன் பண்ணப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நான் பேக்கரியில் டீ சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் போன் பண்ணினார். "சார், கேட்டுல கூட்டமுங்க. வெசயா வாங்க."

என் அனுபவத்தில் முதல் முறையாக, மூன்று பேரும் முழுச் சரக்கையும் சொன்ன நேரத்துக்கு டெலிவரி செய்திருந்தார்கள். செல்வராஜ் அண்ணன் கம்பெனி வேனில் இரண்டு நடை அடித்திருந்தார். ராகேஷ் லைன் வீடுகளிலிருந்து குழந்தைகளைக் கைகோத்து வரிசையாக நடத்தி வந்திருந்தான். (ஹோ கயா. ஆகிவிட்டது.) தனலட்சுமி அக்கா சொந்த செக்ஷனோடு நிறுத்தாமல் பக்கத்துக் கம்பெனிப் பெண்களுக்கும் சொல்லியிருந்தார். இடுப்பில் இருக்கிற குழந்தையிலிருந்து பல் விழுந்த குழந்தை வரை எல்லா சைஸிலும் இருந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அந்தப் பெண்களைப் பார்க்கிற வரைக்கும். எல்லாக் குழந்தைக்கும் தலைக்கு எண்ணெய் வைத்து, பொட்டு வைத்து, புதுத் தண்ணீர் பாட்டில் மாட்டியிருந்தது. ஒரு பெண் மாற்று உடுப்பு, கிண்ணம், ஸ்பூன் எல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் வரைக்கும் பாத்துக்குவீங்கன்னு அக்கா சொன்னாங்க. இத்தன நாளும் பக்கத்தூட்ல உட்டுட்டு, மெஷின்ல உக்காந்துட்டே பயந்துட்டு இருந்தனுங்க," என்றாள். அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை, வாங்கிக்கொள்ளவும் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

சரக்கு அதிகமாக வந்தால் மெர்ச்சண்டைசர் என்ன செய்வான்? சைஸ் பிரிப்பான். ஒவ்வொரு குழந்தையின் முதுகிலும் S, M, L ஸ்டிக்கர் ஒட்டி, அதிலேயே அம்மாவின் லைன் நம்பரையும் எழுதினேன். அம்மாக்களை மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குழந்தைகளுக்கு ஸ்டிக்கர் என்றால் எவ்வளவு பிரியம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், வீட்டில் ஒன்று இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தனை ஸ்டிக்கரும் ஒட்டகச்சிவிங்கியின் காலில் ஏறிவிட்டது. எந்தக் குழந்தை எந்த லைன் என்று ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. எக்ஸ்ட்ரா பீஸ் முறைப்படி அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அதைப் பார்த்து இரண்டு அழுதது. அந்த இரண்டைத் தூக்கினேன். பிறகு மொத்த அறையும் தமிழிலும் போஜ்புரியிலும் அழுதது. சத்தம் லைனுக்குப் போயிற்று. ஒரு தாய் எழுந்து வந்தாள். பின்னாலேயே மொத்த லைனும் எழுந்து வந்தது. "எம்புள்ள எங்க?" என்று கேட்டார்கள். நான் ஒட்டகச்சிவிங்கியைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. கம்பெனியில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. திருப்பூர் முதலாளி ஒருவரை நிஜமாகப் பயமுறுத்த வேண்டுமென்றால் அந்த நிசப்தம் ஒன்று போதும். அவருக்குப் பின்னால் காட்டன் புடவையில் ஒரு அம்மா நின்றிருந்தார். பையர் ஆபீஸ் அம்மா. மணி ஒன்பதரைதான். அவரும் எங்கள் ஊருக்குப் பல வருஷமாக வருகிறவர், பதினொன்று என்றால் ஒன்பதரைக்கு வர வேண்டும் என்று தெரிந்தவர்.

நான் வாயைத் திறந்தேன். 'எங்கிட்ட விடுங்க' என்பது வரவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோகிலா வந்தாள், இடுப்பில் யாழினியோடு. அறையைப் பார்த்தாள், பிள்ளையைத் தேடுகிற தாய்மார்களைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. யாழினியை என் கையில் திணித்துவிட்டு நேராகக் கட்டிங் செக்ஷனுக்குப் போய், துணி வெட்டுவதற்கு அளவு வரைகிற நீளக் காகிதச் சுருள் ஒன்றைத் தூக்கி வந்து தரையில் உருட்டிவிட்டாள். தன் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள். சத்தமாக அழுத குழந்தையைத் தூக்கிக் காகிதத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையிலிருந்து கால் வரைக்கும் சுற்றிக் கோடு போட்டாள். சாக்பீஸ் உரசிக் கூச்சம் காட்டியதும் அந்தக் குழந்தை சிரித்தது. எழுந்து தன் உருவத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்தது.

"எனக்கு! எனக்கு!" என்று எல்லாக் குழந்தைகளும் வரிசையில் படுத்துக்கொண்டன. அந்தந்தத் தாய் வந்து தன் குழந்தையின் கோட்டுக்குள் பெயரை எழுதினாள். எழுதத் தெரியாதவர்களுக்கு ராகேஷ் எழுதினான். நான் நம்பர் போட்டுக் குழப்பியதை அவள் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்துத் தீர்த்துவிட்டாள். பெருமையாகவும் இருந்தது, எங்காவது ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

பையர் ஆபீஸ் அம்மா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகில் M என்று ஒரு ஸ்டிக்கர். "இவங்கதான் உங்க டீச்சரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் கோகிலா, கோடு போட்டபடியே. "எனக்குத் திங்கக்கிழம வேற எடத்துல வேலைங்க. இந்தப் பாப்பாவ உட எடமிருந்தா."

"இங்கே தினமும் இவ்வளவு குழந்தைகள் வருவாங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன். பதில் தனலட்சுமி அக்காவிடமிருந்து வந்தது.

"இன்னைக்குத்தானுங்க மொத நாளு. நாங்கூடக் கேட்டனுங்க, ஒரு நாளைக்கா டெய்லியான்னு. தம்பிதான் டெய்லின்னு வாக்குக் குடுத்திருக்காப்ல."

அறையே என்னைப் பார்த்தது. பிறகு முதலாளியைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் ஓடாத மெஷின்கள், முன்னால் ஒரு லைன் நிறையத் தாய்மார்கள், தரையில் பையர் ஆபீஸ் அம்மா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டெய்லிதானுங்க," என்றார்.

"ரொம்ப சந்தோஷம்," என்று அந்த அம்மா எழுந்தார். "அப்ப திங்கட்கிழமையும் ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போறேன். நேரம் சொல்ல மாட்டேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வராந்தாப் பெட்டிகளை நானே குடோனுக்குத் தூக்கினேன். பாய், பால், சமையலுக்கு ஒரு அம்மா என்று எல்லாம் ஓடி ஓடி ஏற்பாடு செய்தேன். ஞாயிறு சாயங்காலம் தெம்பு திரும்பிவிட்டது. "பாத்தியா கோகிலா? எங்கிட்ட விடுன்னு சொன்னேன்ல? நாளைக்கு யாழினிக்குச் சீட்டு ரெடி!"

திங்கட்கிழமை காலை வாசலில் தனலட்சுமி அக்கா நின்றிருந்தார். யாருக்கு இடம் என்று முடிவு செய்கிற பொறுப்பை முதலாளி அவரிடம் கொடுத்திருந்தார்.

"ரூம்பு நெறஞ்சு போச்சுங்க தம்பி. வெளியவே எத்தனையோ கொழந்தைங்க காத்திருக்குது. இங்க வேல செய்யற அம்மாங்களுக்குத்தான் மொதல்ல. உங்கூட்டம்மா இங்க வேல செய்யலைங்களே," என்றார்.

ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக்கொடுத்தவனின் மகளுக்கு இடமில்லை. பக்கத்தில் கோகிலா நின்றிருந்தாள், கழுத்தில் டேப், கையில் டிபன் பை. அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அன்று வரை என் வாய்ச்சவடாலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வாசலில் நன்றாக உறைத்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அக்கா, பாத்துக்கற ஆயாவோட கொழந்தையச் சேத்துக்கலாம்ல?"

"அதுக்கு எடம் உண்டுங்க. ஆனா ஆயாதான் இன்னும் கெடைக்கலைங்களே."

"டெய்லின்னு சொன்னது நீதான தம்பி?" என்றார் முதலாளி என்னிடம். "உக்காரு உள்ள."

கோகிலா யாழினியை என் தோளில் போட்டாள், ஸ்கூட்டரைக் கிளப்பினாள், திரும்பிப் பார்க்காமல் போனாள். கண்ணாடியில் அவள் சிரிப்பது மட்டும் தெரிந்தது.

ஆயா கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மடியில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக ஜெர்மனிக்குப் பதில் போட்டேன். எனக்குப் பாட்டுத் தெரியாது, கதை தெரியாது. நாள் முழுக்கச் சாயப்பட்டறைக்குப் போன் பண்ணுவது மட்டும்தான் தெரியும். சில நாளிலேயே குழந்தைகள் எல்லாம் மரக்கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, சரக்கு எங்கீங்க? நாளைக்கு நாளைக்குன்னா எப்புடீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. ராகேஷின் மகன்தான் அதில் முதல் ஆள். பையர் ஆபீஸ் அம்மா சொன்னபடியே வந்தபோது அவரிடமும் ஒரு கட்டையை நீட்டிச் சரக்கு கேட்டார்கள். அவர் நாளைக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

இப்போது எங்கள் காப்பகம் இரண்டு அறை, ஆயா மூன்று பேர். ஆனாலும் வாசலில் காத்திருக்கிற குழந்தைகள் குறையவில்லை. புதிதாக வேலை கேட்டு வருகிற பெண்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்டில் கேட்பது, "ஆயா சார் எங்கீங்க?" என்றுதான். அது நான்தான். சீனியர் மெர்ச்சண்டைசர் என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்தும் பார்த்தேன், பிரயோஜனமில்லை.

கோகிலா இன்று அவள் கம்பெனியில் சாம்பிளிங் ஹெட். கல்யாண வீடுகளில் இந்தக் கதையை அவள்தான் சொல்லுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கர் விவரங்களைத் திருத்துவேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற யாழினிக்கு மொத்தக் கதையும் மனப்பாடம். நான் வீட்டில் எதற்காவது 'சரி' என்று சொல்லிவிட்டால் போதும், அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

போன வாரம் கோகிலாவுக்கு ராத்திரி ஷிப்மென்ட் வேலை இருந்தது. "நாளைக்குப் பாப்பாவுக்குத் தல பின்னி உட்டு ஸ்கூலுக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டாள். "எங்கிட்ட விடு," என்றேன்.

யாழினி சீப்பை என் கையில் கொடுத்தாள். "ஒரு நாளைக்காப்பா, டெய்லியுங்களா?"

"டெய்லிதானுங்க," என்றேன். மெர்ச்சண்டைசர் வாயில் வேறென்ன வரும்? இன்று காலையும் நான்தான் பின்னிவிட்டேன்.